பல நாள் மலைநடைக்குத் திட்டமிடுவது எப்படி? முதல்முறை செல்பவர்களுக்கான வழிகாட்டி

முதல்முறை மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஷூவும் பையும் வாங்குவதில்தான் தொடங்குகிறார்கள். அடுத்து ரயிலுக்கோ விமானத்துக்கோ டிக்கெட் எடுக்கிறார்கள். அதற்கும் பிறகுதான் அனுமதி கிடைக்குமா என்று தேடுகிறார்கள். தினமும் எத்தனை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கு கடைசியில் வருகிறது, அல்லது வராமலே போகிறது. இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் நடை நேரம். அதிலிருந்து நாட்கள். நாட்களைக் கொண்டு அனுமதித் தேதி. அனுமதி கைக்கு வந்த பிறகு பயண டிக்கெட். பை கடைசி.

கூடாரத்தையும் உணவையும் தாங்களே சுமந்துகொண்டு, நான்கு முதல் ஏழு நாட்கள், தெளிவான பாதையுள்ள மலையில் நடக்கப் போகிறவர்களுக்காக எழுதியது இது. கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படும் ஏற்றங்களுக்குப் பயிற்சி வேறு, திட்டம் வேறு. அவை இங்கே இல்லை.

1. தூரத்தை விடுங்கள், மணி நேரத்தைக் கணக்கிடுங்கள்

வரைபடத்தில் 12 கி.மீ. என்று பார்த்ததும் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். மலையில் தூரத்தைவிட ஏற்றம்தான் நேரத்தைத் தின்னும். மலையேறுபவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் நெய்ஸ்மித் கணக்கு இது: ஒவ்வொரு 5 கி.மீ. தூரத்துக்கும் ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம்.

12 கி.மீ. தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம். ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம். மொத்தம் 3 மணி 54 நிமிடம். ஆனால் இது நல்ல உடற்பழக்கம் உள்ளவர், குறைந்த சுமையோடு, நிற்காமல் நடக்கும் நேரம். 13 கிலோ சுமக்கும் புதியவர் இதை ஒன்றரையால் பெருக்க வேண்டும்: கிட்டத்தட்ட 6 மணி நேரம். மணிக்கு 10 நிமிட ஓய்வு என்றால் ஒரு மணி நேரம். மதிய உணவுக்கு 40 நிமிடம். ஆக, காலை 6 மணிக்குக் கிளம்பினால் முகாமை அடைய பிற்பகல் 1.40 ஆகும். ‘மூன்று மணி நேரம்’ என்று நினைத்து 10 மணிக்குக் கிளம்புபவர் மாலை ஆறு மணிக்கு, இருட்டும் வேளையில், நனைந்த புல்லில் கூடாரம் அடிக்க இடம் தேடிக்கொண்டிருப்பார்.

இறக்கம் இலவசம் இல்லை. செங்குத்தான இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். முழங்கால் பழுதாவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். குழுவாகப் போனால், கணக்கைப் போட வேண்டியது குழுவிலேயே மெதுவாக நடப்பவரின் வேகத்தில்.

புதியவர்களுக்கு ஒரு வரம்பு: ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 1,000 மீட்டருக்கு மேல் ஏற்றம் வேண்டாம். முதல் நாள் இதில் பாதி போதும். பை அன்றுதான் மிகக் கனமாக இருக்கும், பயணக் களைப்பும் இருக்கும்.

இந்தக் கணக்கில் பலரும் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, புறப்படும் இடம் 2,400 மீட்டர், சேரும் இடம் 2,600 மீட்டர், ஆகவே ஏற்றம் 200 மீட்டர்தான் என்று எண்ணுவது. நடுவில் பாதை 2,100 மீட்டரில் உள்ள ஆற்றுக்கு இறங்கி ஏறினால் அன்றைய ஏற்றம் 500 மீட்டர். உயரக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அல்லது பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பை (ஜிபிஎஸ் வழித்தடம் பதிவான கோப்பு) ஒரு வரைபடச் செயலியில் ஏற்றி ‘மொத்த ஏற்றம்’ என்ற எண்ணைப் பாருங்கள். இரண்டாவது, வேறொருவரின் ஜிபிஎஸ் பதிவில் உள்ள நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. பல செயலிகள் நின்ற நேரத்தைக் கழித்துவிட்டு, கால் நகர்ந்த நேரத்தை மட்டும் காட்டும். மூன்றாவது, முகாமைத் தூரம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. முகாமை முடிவு செய்வது தண்ணீரும் சமதரையும்தான். வரைபடத்தில் நீலக்கோடு இருந்தாலும் கோடைக் கடைசியில் ஓடை வற்றியிருக்கலாம். அண்மையில் அந்தப் பருவத்தில் போய்வந்தவர்களிடமோ, அப்பகுதி வனக் காவலர்களிடமோ ஒவ்வொரு நீர்நிலையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நாட்களை அடுக்கியபின் இரண்டு விஷயங்களைச் சேருங்கள். ஐந்து நாள் நடைக்கு ஒரு உபரி நாள், மழைக்கோ காய்ச்சலுக்கோ. பிறகு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வெளியேறும் வழி: அன்று ஒருவரால் நடக்க முடியாமல் போனால், எந்தப் பாதையில் எத்தனை மணி நேரத்தில் வண்டிச்சாலையை எட்டலாம் என்று வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

2. உயரம்: எட்டிய உயரம் அல்ல, தூங்கும் உயரம்

உங்கள் பாதை 2,500 மீட்டருக்குக் கீழேயே முடிந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அதற்கு மேலே போனால், போட்ட நாள் கணக்கை இங்கே திருத்த வேண்டியிருக்கும்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. உடல் அதற்குப் பழகச் சில நாட்கள் ஆகும். இளமையும் உடற்பயிற்சியும் இதில் பாதுகாப்பு தருவதில்லை. சொல்லப்போனால், நன்றாக ஓடக்கூடிய இளைஞர்கள் வேகமாக ஏறி முதலில் சுருண்டு விழுவதும் உண்டு.

விதி இது: 3,000 மீட்டருக்கு மேலே, ஒரு இரவிலிருந்து அடுத்த இரவுக்குத் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் ஒரு கணவாயைத் தாண்டி மேலே போய்விட்டுக் கீழே வந்து தூங்குவதில் பிழையில்லை, அது நல்லதும்கூட. வண்டியில் ஒரே நாளில் 3,500 மீட்டருக்குப் போய் இறங்கும் இடங்களில், முதல் இரண்டு இரவுகளை அங்கேயே கழியுங்கள். அவற்றை வீணான நாள் என்று வெட்டிவிடும் அவசரம்தான் பலரையும் பாதியில் திரும்ப வைக்கிறது.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், கடும் சோர்வு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் அதை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே ஏறக்கூடாது. ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். இரண்டு அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருப்பே கிடையாது. ஒன்று, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைப்பது. நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளம் இது. மற்றொன்று, குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சில் குழப்பம். மூளை வீங்குவதன் அடையாளம் இது. இரவானாலும் மழையானாலும் அவரை உடனே கீழே கொண்டுபோக வேண்டும், குறைந்தது 300 முதல் 1,000 மீட்டர் வரை. தனியாக அனுப்பக்கூடாது.

அசிட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்தாகலாம். மருத்துவரிடம் கேட்டு, அளவை எழுதி வாங்கிக்கொண்டு, கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். விரல்நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அதன் வழக்கமான பக்கவிளைவுகள். மலையில் முதல்முறை அனுபவித்தால் பயந்துவிடுவீர்கள்.

3. எந்த மாதம்?

கணவாயில் பனி எப்போது உருகித் தீர்கிறது, மழை எப்போது தொடங்குகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலோ, மழை ஓய்ந்து பனி விழும் முன்போ உள்ள வாரங்கள்தான் உங்களுக்கு ஏற்ற காலம். அதன் விளிம்பில் தேதி வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள்.

குளிரை அடிவாரத்து ஊரின் வானிலை அறிக்கையை வைத்து எடை போடாதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 1,200 மீட்டரில் உள்ள ஊரில் இரவு 18 டிகிரி என்றால், 3,600 மீட்டர் முகாமில் ஏறத்தாழ 2 டிகிரி. காற்றும் வீசினால் உடலுக்கு அது உறைநிலைக்குக் கீழே.

4. அனுமதியும் ஆவணங்களும்

அதிகம் பேர் மலையடிவாரத்திலேயே திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான்.

முதல் கேள்வி, ‘எங்கே விண்ணப்பிப்பது’ அல்ல; ‘இந்தப் பாதை யாருடைய நிலத்தில் போகிறது’ என்பது. ஒரே பாதை முதல் நாள் கிராமப் பொதுநிலத்திலும், இரண்டாம் நாள் காப்புக்காட்டிலும், நான்காம் நாள் எல்லைப் பாதுகாப்புப் பகுதியிலும் போகலாம். ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் வேறு, அனுமதி வேறு. நுழைவு அனுமதி கிடைத்துவிட்டது என்பதால் கூடாரம் அடிக்கவும் அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை. தீ மூட்ட, டிரோன் பறக்கவிட, சில இடங்களில் வழிகாட்டி இல்லாமல் நடக்க, எல்லாவற்றுக்கும் தனி விதி இருக்கும். பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் எதிரிலும் பொறுப்பு அலுவலகம், தேவையான அனுமதி, எத்தனை நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம், திரும்பக் கிடைக்குமா என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்த ஒரு தாள் உங்கள் திட்டத்தின் முதுகெலும்பு.

பொதுவாகக் கேட்கப்படுபவை: புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை, வெளிநாடு என்றால் பயணம் முடிந்தபின்னும் ஆறு மாதங்களாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், மருத்துவத் தகுதிச் சான்று, காப்பீட்டுப் பத்திரம், நாள்வாரிப் பயணத் திட்டம், அவசரத் தொடர்பு எண்.

இவற்றில் தவறு நேரும் இடங்கள் எப்போதும் இதே ஐந்துதான்.

பெயர். ஓர் அட்டையில் இனிஷியலோடு, இன்னொன்றில் விரித்து எழுதிய பெயர் என்று இருந்தால், எந்த அட்டையைச் சோதனைச்சாவடியில் காட்டப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து அனுமதியிலும் காப்பீட்டிலும் டிக்கெட்டிலும் போடுங்கள். பெயரைத் திருத்த அலுவலகம் திறக்கும்வரை காத்திருந்தால் உபரி நாள் அங்கேயே போய்விடும்.

தேதி. நடை ஐந்து நாள் என்றால் அனுமதியை ஐந்து நாளுக்கு வாங்காதீர்கள்; உபரி நாளையும் சேர்த்து ஆறு நாளுக்கு வாங்குங்கள். மழையால் ஒரு நாள் தாமதித்து வெளியேறுபவரை அபராதம் போட்டு உட்கார வைக்கும் வாயில்கள் உண்டு. ஒதுக்கீட்டு முறையில் முகாம் தரும் இடங்களில் அனுமதிச்சீட்டில் உள்ள இரவு, உள்ள முகாம் மட்டுமே உங்களுடையது என்பதையும் கவனியுங்கள்.

மருத்துவச் சான்று. எந்தத் தேதிக்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும், எந்தப் படிவத்தில், எந்தத் தகுதியுள்ள மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்பதை முன்பே பாருங்கள். மூன்று மாதம் முன்பே சுறுசுறுப்பாக வாங்கி வைத்த சான்று வாயிலில் செல்லாமல் போகலாம்.

நகல். கைபேசியில் உள்ள பிடிஎஃப் நம்பகமானதல்ல. சாவடியில் சிக்னல் இருக்காது, சில இடங்களில் ஒரு நகலை அவர்களே எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் நான்கு தாள் நகல், நீர்புகாத உறையில். ஒன்றை மட்டும் வேறொருவர் பையில் வையுங்கள்.

நேரம். அனுமதி அலுவலகத்துக்கும் நுழைவு வாயிலுக்கும் மூடும் நேரமும் விடுமுறை நாளும் உண்டு. அடிவாரத்துக்கு வெள்ளி மாலை போய்ச் சேர்ந்து, திங்கள் காலை வரை கையெழுத்துக்காகக் காத்திருப்பது தேவையற்ற இழப்பு.

காப்பீடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டுப் பத்திரங்களில் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே நடந்த எதற்கும் பணம் தராது. பத்திரத்தின் சிற்றெழுத்துகளில் நான்கைத் தேடுங்கள்: எத்தனை மீட்டர் வரை பொருந்தும், ‘மலையேற்றம்’ என்ற சொல் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா, ஹெலிகாப்டர் மீட்புக்குத் தொகை உண்டா, மீட்புக்கு அழைக்கும் முன் நிறுவனத்தின் ஒப்புதல் வாங்க வேண்டுமா. கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் அந்த அவசர எண்ணும் பத்திர எண்ணும் குழுவில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் தாளில் இருக்க வேண்டும். காணாமல் போனவரைத் தேடும் செலவு வேறு, அடிபட்டவரைத் தூக்கிவரும் செலவு வேறு. இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. செலவு

செலவை இரண்டு பத்திகளாகப் போடுங்கள். ஆள் எண்ணிக்கையால் மாறாதவை ஒரு பக்கம்: அடிவாரம் வரை வாடகை வண்டி, வழிகாட்டி, முகாம் கட்டணம், கூட்டுப் பயன்பாட்டுப் பொருட்கள். தலைக்கு இவ்வளவு என்று வருபவை மறுபக்கம்: அனுமதி, காப்பீடு, உணவு, டிக்கெட், முன்னும் பின்னும் ஊரில் தங்கும் இரவுகள். ஆறு பேர் வருகிறோம் என்று சொல்லி, கடைசி வாரத்தில் இருவர் விலகினால், முதல் பத்தியின் சுமை மீதி நால்வர் தலையில் ஒன்றரை மடங்காக விழும். ஆகவே முதல் பத்தித் தொகையை எல்லாரிடமும் முன்பணமாக வாங்குங்கள், வராவிட்டால் திரும்பத் தரப்படாது என்று அப்போதே சொல்லிவிட்டு. நண்பர்களுக்குள் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும்; கேட்காமல் விட்டால் பின்னால் வருவது மனக்கசப்பு.

வழிகாட்டியோ சுமைதூக்குபவரோ வந்தால், அவருடைய உணவு, தங்குமிடம், காப்பீடு, குளிராடை, உபரி நாள் கூலி, அவர் ஊர் திரும்பும் செலவு எல்லாம் யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். மலிவாகச் சொல்லப்படும் தொகையில் பெரும்பாலும் இவைதான் விடுபட்டிருக்கும். குளிருக்குப் போர்வை இல்லாமல் அவரைச் சுமக்க வைப்பது எந்த விதத்திலும் நியாயம் இல்லை.

மொத்தத்தின்மேல் ஐந்தில் ஒரு பங்கு அவசரத்துக்கு ஒதுக்குங்கள். கையில் சிறு நோட்டுகளாகப் பணம் வைத்திருங்கள். அட்டையும் செயலியும் சாலை முடியும் இடத்தோடு முடிந்துவிடும்.

பொருட்களில் ஷூவையும் காலுறையையும் சொந்தமாக வாங்குங்கள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், நடைக்கோல் ஆகியவற்றை முதல் பயணத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம். வாங்கும் இடத்திலேயே கூடாரத்தை விரித்துக் கம்புகளையும் ஜிப்பையும் சோதியுங்கள்.

6. பையின் எடை

உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 65 கிலோ எடை உள்ளவருக்கு 13 கிலோ, தண்ணீரையும் உணவையும் சேர்த்து. நான்கு நாளுக்கு அது எப்படிப் பிரியும் என்று பாருங்கள்: வெறும் பை 1.8 கிலோ, இருவர் கூடாரத்தில் உங்கள் பங்கு 1.3, ஸ்லீப்பிங் பேக் 1.2, மேட் 0.5, மாற்றுடையும் மழையுடையும் 2, அடுப்பு, எரிவாயு, பாத்திரத்தில் பங்கு 0.5, உணவு 2.8, தண்ணீர் 2, முதலுதவியும் விளக்கும் மற்ற சில்லறையும் 1. மொத்தம் 13.1. அதாவது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எடுத்துவைக்கும் எதற்கும் இடமில்லை. ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து எடையை எழுதுங்கள். மனக்கணக்கு எப்போதும் குறைவாகவே சொல்லும்.

ஸ்லீப்பிங் பேக் உறையில் மூன்று வெப்பநிலைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஐஎஸ்ஓ 23537 என்ற தரத்தின்படி அவை சுகநிலை, எல்லைநிலை, அதீதநிலை. நீங்கள் பார்க்க வேண்டியது சுகநிலை மட்டும். அதீதநிலை என்பது உயிர் பிழைக்கலாம் என்ற அளவு. அதை நம்பி வாங்கினால் இரவெல்லாம் நடுங்குவீர்கள். கீழே விரிக்கும் மேட் அதே அளவு முக்கியம், ஏனென்றால் உடம்பின் அடியில் நசுங்கிய பஞ்சு வெப்பத்தைக் காக்காது, தரை உறிஞ்சிவிடும். மேட்டின் ஆர் மதிப்பு (வெப்பம் தரைக்குப் போகாமல் தடுக்கும் திறனைக் காட்டும் எண்), இரவு உறைநிலையைத் தொடும் இடங்களில் 4 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். இரண்டு மேட்டை அடுக்கினால் இரண்டின் மதிப்பும் கூடும்.

நடக்கும்போது பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றதும் உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே செயற்கை இழையோ மெரினோ கம்பளியோ, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத சட்டை. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த உடையைத் தனி உறையில் வைத்து, என்ன ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள்.

ஷூவை மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, போடப்போகும் காலுறையோடு அளந்து வாங்குங்கள். இறக்கத்தில் பெருவிரல் முன்னே இடித்தால் நகம் கருத்துப்போகும். முன்னால் ஒரு விரல்பருமன் இடைவெளி வேண்டும். கிளம்பும் முன் 50 கி.மீ. ஆவது அதில் நடந்திருக்க வேண்டும்.

அடுக்கும்போது ஸ்லீப்பிங் பேக் அடியில். கனமான உணவும் தண்ணீரும் நடுவில், முதுகை ஒட்டி. மழையுடையும் தின்பண்டமும் மேலே. பை மழையுறை மட்டும் போதாது, முதுகுப்பக்கம் வழியாக நீர் இறங்கும். உள்ளே தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். தோள்பட்டையை இறுக்கும் முன் இடுப்புப்பட்டையை இறுக்குங்கள். எடையின் பெரும்பகுதியை இடுப்பெலும்பு தாங்க வேண்டும்.

7. உணவு, எரிவாயு, தண்ணீர்

ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 கிராம் உலர் உணவு. கிராமுக்கு 4 கலோரிக்குக் குறையாதது. கொட்டைகளும் எண்ணெயும் சேர்ந்தால் இது எளிது. உயரத்தில் பசி குறையும் என்பதால் உங்களுக்குப் பிடித்ததையே எடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பையாகக் கட்டிவிட்டால் முதல் இரண்டு நாளில் தீர்த்துவிட மாட்டீர்கள். உபரி நாளுக்கும் ஒரு பை.

நீரைக் கொதிக்கவைத்து உலர் உணவில் ஊற்றும் சமையலுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் எரிவாயு. 230 கிராம் கேனிஸ்டர் (எரிவாயு அடைத்த சிறு உருளை) இருவருக்கு நான்கு நாள் போதாது, மூன்றே முக்கால் நாள்தான். வேகவைத்துச் சமைத்தால் இரு மடங்கு. பனியை உருக்கிக் குடிநீர் எடுத்தால் அதற்கும் மேல்.

வெறும் பியூட்டேன் உள்ள கேனிஸ்டர் உறைநிலை அருகே எரியாது. அது ஆவியாகும் வெப்பநிலையே மைனஸ் 0.5 டிகிரி. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்ததை வாங்கி, இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கேனிஸ்டரை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. ஆகவே அடிவாரத்தில் உங்கள் அடுப்புக்குப் பொருந்தும் திருகுவகை கிடைக்கிறதா என்று முன்பே கேட்டு, பெயர் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுப்பைக் கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கம் வருவதுபோல் வந்து உயிரை எடுத்துவிடும்.

தெளிந்த ஓடைநீரும் மேலே கால்நடை மேய்ந்த நீராக இருக்கலாம். கொதிவந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் கொதிக்கட்டும். வடிகட்டி கொண்டுபோனால் இரண்டு எச்சரிக்கைகள்: பெரும்பாலான நுண்குழாய் வடிகட்டிகள் வைரஸைத் தடுக்காது, ஒருமுறை உள்ளே நீர் உறைந்தால் இழைகளில் விரிசல் விழும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நடைநாளில் மூன்று லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டியிருக்கும்.

8. தகவல், மின்சாரம், அவசரம்

வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் நாள்வாரித் திட்டம், முகாம்களின் பெயர், குழுவின் பட்டியல், அடிவாரக் காவல் நிலைய எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். அதில் மிக முக்கியமான ஒரு வரி: ‘இந்தத் தேதி, இந்த மணிக்குள் எங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் மீட்புக்குச் சொல்லுங்கள்.’ இந்த நேரத்தை உபரி நாளுக்குப் பிறகு வையுங்கள்.

வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி பதிவிறக்கி, விமானப் பயன்முறையில் ஒருமுறை திறந்து சோதியுங்கள். தாள் வரைபடமும் திசைகாட்டியும் கூடவே இருக்கட்டும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒரு கைபேசியைச் சுமார் இரண்டு முறை நிரப்பும், பத்து அல்ல. விமானத்தில் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை, 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட்-மணி. குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், இரவில் உடம்போடு வையுங்கள். செயற்கைக்கோள் தொலைபேசியை முன்அனுமதி இன்றி வைத்திருப்பது சில நாடுகளில் குற்றம். வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள்.

ஊதலால் உதவி கேட்கும் முறை: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு. பதில் மூன்று முறை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் முகட்டையும் தனி மரத்தையும் விட்டு உடனே இறங்குங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் மேலே போக வேண்டாம். நனைந்த ஒருவர் உளறி, தடுமாறி, ஜிப்பைக்கூடப் போட முடியாமல் திணறினால் உடல் வெப்பம் இறங்குகிறது என்று பொருள். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது. ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்கில் படுக்கவையுங்கள்.

9. பின்னிருந்து எண்ணும் நாட்காட்டி

ஆறு மாதம் முன்: பாதை, மணிக்கணக்கு, மாதம். ஒதுக்கீட்டு அனுமதி திறக்கும் தேதியைக் குறித்தல்.

நான்கு மாதம் முன்: அனுமதி. கிடைத்தபின் டிக்கெட், அதுவும் தேதி மாற்றக்கூடியது. திரும்பும் டிக்கெட் உபரி நாளுக்கு அடுத்த நாள்.

மூன்று மாதம் முன்: உடற்பயிற்சி. வாரம் மூன்று நாள் படிக்கட்டு, 5 கிலோவில் தொடங்கி வாரம் ஒரு கிலோ கூட்டி. ஏறுவது மூச்சுக்கு, இறங்குவது தொடைக்கு. இறங்குவதையும் பயிற்சியாக எண்ணுங்கள், லிஃப்டில் இறங்கிவிடாதீர்கள். ஷூவும் இப்போதே.

ஒரு மாதம் முன்: காப்பீடு, மருத்துவர், முழுச் சுமையோடு அடுத்தடுத்து இரண்டு நாள் ஒத்திகை, நடுவில் ஒரு இரவு கூடாரத்தில். தோள்பட்டை எங்கே வெட்டுகிறது, எந்த விரலில் கொப்புளம் வருகிறது, அடுப்பு பற்றவைக்கத் தெரிகிறதா, எல்லாம் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

ஒரு வாரம் முன்: வானிலை, பாதை திறந்திருக்கிறதா என்று அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு. நகல்கள். எடை.

10. நடக்கும் நாட்களில்

கிளம்பும் முன் அன்றைய ‘திரும்பும் நேரத்தை’ எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். கணவாய் நாளில் அது பெரும்பாலும் நண்பகல். அந்த நேரத்தில் உச்சி கண்ணுக்கெதிரே 100 மீட்டரில் இருந்தாலும் திரும்ப வேண்டும். பிற்பகலில் மேகம் கூடும், பனி இளகும், இறங்க இன்னும் பாதி நாள் இருக்கும்.

பனியுருகி வரும் ஆறுகளை அதிகாலையில் கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏற நீர் கூடும். அகலமான, வேகம் குறைந்த இடத்தைத் தேர்ந்து, இடுப்பு, மார்புப் பட்டைகளை அவிழ்த்துவிட்டு, நீரோட்டத்தை எதிர்நோக்கிக் கோலூன்றிக் கடக்க வேண்டும். விழுந்தால் பையைக் கழற்றி எறிய முடிய வேண்டும். முழங்காலைத் தாண்டிய வேக நீரில் இறங்காதீர்கள். காத்திருங்கள், அல்லது திரும்புங்கள்.

பாதம் எங்காவது சூடாக உரசுவதுபோல் தோன்றிய அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டுவதில் பாதிப் பயன்தான்.

மலம் கழிக்க நீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் விலகி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்டி மூடுங்கள். தாளையும் நாப்கினையும் உறையிலிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். உயரக் குளிரில் அவை மக்குவதில்லை. பாத்திரம் கழுவிய நீரையும் ஓடையில் ஊற்றாதீர்கள்.

வெளியேறும் வாயிலில் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்திட்டார்களா என்று பாருங்கள். வேறு பாதையில் இறங்கியிருந்தால் தொலைபேசியிலாவது நுழைவு வாயிலுக்குச் சொல்லுங்கள். சிக்னல் வந்ததும் முதல் அழைப்பு வீட்டில் திட்டத்தை வைத்திருப்பவருக்கு. அது நடக்கும்வரை அவர் கணக்கில் நீங்கள் இன்னும் மலையில்தான் இருக்கிறீர்கள்.